பிறகு என்று எழுதிய சீட்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சொந்தமானது அல்ல, என் அக்காவுடையது. அவளும் இதைக் கதை என்று நினைத்துச் சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போனில், "கண்ணாடிய எங்கயோ வச்சுட்டு வந்துட்டேன்டி. உன்கிட்ட பழசு இருந்தா எடுத்துட்டு வா, படிவத்தையெல்லாம் இன்னைக்கே சரிபார்க்கணும்" என்றாள்.

எடுத்துக்கொண்டு போனேன். பாதி வழியில்தான் உறைத்தது. அக்காவின் கண்ணாடி பழுப்புக் கயிற்றில் கோத்து அவள் கழுத்திலேயே கிடக்கும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர அது இறங்கி நான் பார்த்ததில்லை. கழுத்தில் தொங்குகிற பொருளை ஒருத்தி எப்படி மறந்து வைத்துவிட்டு வர முடியும்?

கேட்டேன். "மறந்துட்டேன்னா மறந்துட்டேன். இதுல என்ன ஆராய்ச்சி வேண்டிக் கெடக்கு?" என்றாள். மாதா மாதம் ஆராய்ச்சியில் சம்பளம் வாங்குகிறவள் கேட்கிற கேள்வியா இது? அந்த இடத்தில்தான் எனக்குள் இருக்கும் கதைக்காரி காதைத் தீட்டிக்கொண்டாள்.

எழுதப் போகிறேன் என்றதும் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஆளுங்கள எப்படி வேணா மாத்திக்கோ. நம்பர மட்டும் மாத்தாத." எழுத எழுத அவளிடம் காட்டவும் வேண்டுமாம். ஆகவே இந்தக் கதையில் சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அக்கா பென்சிலால் ஓரத்தில் எழுதியவை. அழிக்க மனம் வரவில்லை. [அழிச்சுப் பாரு, தெரியும்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'மழை விட்டபாடில்லை. ஈரம் சொட்டும் குடையை மடக்கிக்கொண்டு அவள் அந்தக் குறுகிய வாசலில்...'

[அன்னைக்கு மழையே இல்ல. சட்டையெல்லாம் மூட்டையா வெளிய கெடந்துச்சு. மழை பெஞ்சா வெளிய வைப்பாங்களா?]

சரி, மழை வேண்டாம். அடுத்து கொஞ்சம் கனமாக முயன்றேன்:

'வறுமை என்பது வெறும் பணமில்லாமை அல்ல. அது ஒரு —'

அது ஒரு என்ன? அந்தக் கோட்டுக்குப் பின்னால் எதையாவது எழுதிவிடலாம் என்று இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அது தெரிஞ்சா எங்க ஆபீஸையே இழுத்து மூடிடலாமே" என்று போய்விட்டாள். அந்த வாக்கியம் அப்படியே அரைகுறையாக நிற்கட்டும்.

ஆகவே அலங்காரம் இல்லாமல் சொல்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் நிறையப் பேருக்குக் கிட்டே இருப்பது மங்கலாகிவிடும். கையால் நுணுக்கமான வேலை செய்கிறவர்களுக்கு அது சோற்றில் கை வைக்கிற விஷயம். இவர்களுக்கெல்லாம் அரசாங்கமே கண்ணாடி கொடுத்தால் அவர்களுடைய வேலையும் வருமானமும் கூடுமா? 'கூடாமல் என்ன?' என்று நீங்களும் நானும் சொல்லிவிடுவோம். நிதி ஒதுக்குகிறவர்கள் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குச் சான்று வேண்டும்.

அதற்காக அக்காவின் நிறுவனம், இப்படிக் கண் மங்கிய எண்ணூறு பேரைத் தேடிப் பிடித்தது. கையில் இருந்தது நானூறு கண்ணாடி. யாருக்குக் கொடுப்பது என்று சீட்டுப் போட்டது. நானூறு பேருக்கு உடனே. மற்ற நானூறு பேருக்கு ஒன்றரை வருடம் கழித்து. நடுவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதினோரு களப்பணியாளர்கள் எல்லா வீட்டுக்கும் போய், இந்த வாரம் எவ்வளவு வேலை செய்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரிந்தால் அது கண்ணாடியின் வேலை. வேறு எதுவும் காரணமாக இருக்க முடியாது, ஏனென்றால் பிரித்தது சீட்டு.

[இதுவரைக்கும் எழுதுனதுலயே இதுதான் உருப்படி.]

3

சீட்டுப் போட்டது ஒரு பள்ளிக்கூட அரங்கில். பரிசுக் கோப்பைகள் பூட்டிய அலமாரிக்கு முன்னால் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி, அதில் மடித்த சீட்டுகள். பாதியில் 'இப்போது' என்று எழுதியிருந்தது, பாதியில் 'பிறகு'. ஒவ்வொருவராக வந்து தங்கள் கையாலேயே எடுக்க வேண்டும். அக்கா வாளிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

இருநூற்றுப் பதினேழாவதாக வந்தவர் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிற அம்மா. வயது நாற்பத்தாறு. சீட்டை எடுத்துப் பிரித்தார். கையைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தார். முழுக்க நீட்டிப் பார்த்தார். கை நீளம் போதவில்லை.

"இதுல என்னம்மா போட்டிருக்கு? எனக்குப் படிக்கத் தெரியும், எழுத்துதான் தெரிய மாட்டேங்குது" என்று அக்காவிடம் நீட்டினார்.

அக்கா கழுத்திலிருந்த கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தாள். "பிறகு."

"பிறகுன்னா?"

"ஒன்றரை வருஷம் கழிச்சு உங்களுக்கும் குடுப்பாங்கம்மா."

"அப்பக் கண்டிப்பா உண்டு?"

"கண்டிப்பா."

பொத்தான்காரம்மா முகம் மலர்ந்து, சீட்டை மடித்துப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். தோற்றுப்போனதைக்கூட இன்னொருவர் வாசித்துச் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. இதை நான் கற்பனையில் எழுதியிருந்தால், 'ரொம்ப ஓவர்' என்று நீங்களே திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

4

இந்தக் கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. ஆய்வின் தலைவர் கைவசம் இருந்தார். எதை எடுத்தாலும் "சராசரியா பாத்தா..." என்று ஆரம்பிப்பதால் அலுவலகத்தில் அவருக்குச் சராசரி சார் என்று பெயர். எழுதியும் பார்த்தேன்:

'குளிரூட்டிய அறையில் அமர்ந்து, மனிதர்களை எண்களாக மட்டுமே காணும் அந்தக் கண்களில் —'

[அவர் ரூம்ல ஃபேன்கூட மூணாம் நம்பருக்கு மேல ஓடாது.]

போதாக்குறைக்கு அக்கா அவரைப் பற்றி நல்லதாகவே சொல்லி என் வில்லனைக் கெடுத்தாள். ஜன்னல் ஓர மேசை யாருக்கு என்பதற்குக்கூட அவர் சீட்டுப் போடுவாராம். அவருக்கே விழவில்லை, கழிவறைப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறார். பல வருடங்களுக்கு முன் ஒரு திட்டத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாத அடுப்பு கொடுத்தார்களாம். அப்போது சீட்டும் இல்லை, ஆய்வும் இல்லை, கைதட்டல் மட்டும் இருந்தது. இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதி அடுப்புகளில் பூச்செடி வைத்திருந்தார்களாம்.

"நல்ல மனசோட ஆரம்பிக்காத திட்டம் ஒண்ணுகூட நான் பாத்ததில்லம்மா" என்று அக்காவிடம் சொன்னாராம். "அந்த மனசாலதான் யாரும் போய்த் திரும்பிப் பாக்கல."

இந்த ஆளை வைத்துக்கொண்டு நான் எப்படி வில்லத்தனம் எழுதுவது? ஒரு விதியை மட்டும் அவர் கறாராக வைத்திருந்தார். 'பிறகு' வீட்டுக்கு எந்தக் களப்பணியாளரும் எதுவும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அன்றோடு வேலை போச்சு.

5

இனி ஆறாம் மாத விசாரிப்பு. பொத்தான்காரம்மாவின் வீடு ஒற்றை அறை. கதவுக்குப் பின்னால் சட்டை மூட்டை, கதவுக்கு முன்னால் தைத்து முடித்த மூட்டை. நடுவில் ஒரு மஞ்சள் ஸ்பான்ஜ். அதில் நூல் கோத்த ஊசிகள் முள்ளம்பன்றி மாதிரி நின்றன. மகள் துணிக்கடை வேலைக்குக் கிளம்பும் முன் முப்பது ஊசிகளில் நூல் கோத்துக் குத்தி வைத்துவிட்டுப் போவாள். ஒரு ஊசி நூலில் ஒரு சட்டை முடியும். ஓட்டையையும் பொத்தானையும் அந்த அம்மாவின் விரலே கண்டுபிடித்துவிடும், ஊசியின் காதைத்தான் கண்டுபிடிக்காது.

"முப்பதும் தீந்துட்டா?" என்று அக்கா கேட்டாள்.

"தீந்தா தீந்ததுதான். ரெண்டு மணிக்கு மூட்டையக் கட்டிருவேன். பக்கத்து வீட்டம்மாவக் கேக்கலாம்னா, அவங்களுக்கும் என் கண்ணுதான்."

இதைச் சொல்லிச் சிரித்தாராம். பிறகு, மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் கிளம்புகிறாள் என்றார்.

"அப்ப ஊசிக்கு?"

"அதான் யோசனையா இருக்கு. சேந்தாப்புல ஒரு மாசம் மூட்டை எடுக்கலன்னா வேற வீட்டுக்கு மாத்திருவாங்க. அப்புறம் திரும்பக் கெடைக்காது." சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார். "இன்னும் ஒரு வருஷந்தானே, நீங்க தந்துருவீங்க. கடையில வாங்கலாம்னுதான் மொதல்ல இருந்தேன். இவங்கதான் தராங்களே, கெடைக்கப் போறத எதுக்குக் காசு குடுத்து வாங்குவாங்கன்னு மக சொன்னா. சரிதானேம்மா?"

அக்காவால் சரி என்றும் சொல்ல முடியவில்லை, தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று யோசனை சொல்வதுகூட விதிப்படி கொடுப்பதில்தான் சேரும். ஆய்வே நடக்காமல் இருந்திருந்தால் இந்த அம்மா எப்போதோ கண்ணாடி வாங்கியிருப்பார். கண்டிப்பாகத் தருவோம் என்று சொன்னதுதான் அவரைக் காக்க வைத்திருக்கிறது. அந்தக் 'கண்டிப்பாக' அக்காவின் வாயிலிருந்து வந்தது.

அடுத்து என்ன நடந்தது என்பதற்கு என்னிடம் இரண்டு வடிவங்கள் உண்டு.

முதல் வடிவம்: அக்கா கண்ணாடியைக் கழற்றி, அந்த அம்மாவின் மூக்கில் மாட்டி, "இப்பத் தெரியுதா?" என்கிறாள். அந்த அம்மா முதன்முறையாகத் தன் உள்ளங்கை ரேகைகளை —

[சினிமா எடுக்குறியா? துடைக்கக் கழட்டுனேன். தண்ணி குடுத்தாங்க. குடிச்சேன். கிளம்பிட்டேன்.]

இது இரண்டாவது வடிவம். கயிற்றோடு கழற்றித் துடைத்தாயா என்று கேட்டேன். [கயிறும் அழுக்கா இருந்துச்சு.]

* ஓரமாக ஒரு செய்தி: இரண்டு பேருக்கும் ஒரே பவர். [அது தற்செயல்.] இருக்கலாம். ஆனால் 217-இன், அதாவது பொத்தான்காரம்மாவின், பவர் படிவத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, அதை எழுதியதும் அக்காதான்.

6

ஒன்பதாம் மாதம் அக்கா மறுபடி போனாள். மகள் ஊருக்குப் போய்விட்டிருந்தாள். பழுப்புக் கயிறு பொத்தான்காரம்மாவின் கழுத்தில் கிடந்தது. மஞ்சள் ஸ்பான்ஜில் ஒரே ஒரு ஊசிதான் இருந்தது. நூல் தீரத் தீர அவரே கோத்துக்கொள்கிறார். ஒரு நாளைக்கு நாற்பத்தாறு சட்டை.

"வச்சுட்டுப் போய்ட்டீங்களே, வந்து கேப்பீங்கன்னு பாத்தேன். கேக்கல. போட்டுக்கிட்டேன். எடுத்துட்டுப் போறீங்களா?"

"அடுத்த வாட்டி பாத்துக்கலாம்மா" என்றாளாம் அக்கா.

இந்த இடத்தில் கதையை முடித்தால் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகலாம். அக்கா விடவில்லை. "இங்க முடிச்சன்னா நீயும் அந்த அடுப்பு குடுத்த கோஷ்டிதான்" என்று உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள்.

217 'பிறகு' குழுவில் இருக்கிறார். தாளில் அவர் கண்ணாடி இல்லாதவர். கண்ணாடி இல்லாதவர் நாற்பத்தாறு சட்டை தைத்தால் தாள் என்ன சொல்லும்? 'பாருங்கள், கண்ணாடி கிடைக்காதவர்களும்தான் முன்னேறியிருக்கிறார்கள், பிறகு எதற்குக் கண்ணாடி?' அந்த அம்மா எவ்வளவு நன்றாகத் தைக்கிறாரோ அவ்வளவுக்குக் கண்ணாடியின் மதிப்பு குறைகிறது. அவர் தைக்கிற ஒவ்வொரு பொத்தானும், அவரைப் போல ஊரெல்லாம் கையை நீட்டி நீட்டிப் பார்க்கிறவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

"அப்ப உண்மைய எழுதிடு" என்றேன்.

அதற்குப் படிவத்தில் இடமும் இருந்தது. பதினான்காவது வரி: 'கண்ணாடி அணிகிறாரா? ஆம் எனில் எங்கிருந்து கிடைத்தது?' இதை உண்மையாக நிரப்பிவிட்டால், கணக்குப் போடும்போது அதற்கு ஏற்றபடி புரிந்துகொள்வார்கள். ஆய்வு பிழைக்கும். அக்காவின் வேலை பிழைக்காது. இன்னொன்றும் இருந்தது.

"அதத் திரும்ப வாங்கிட்டு வந்துருன்னு சார் சொல்லிட்டா? கோத்துக் குடுக்க இப்ப மகளும் இல்ல. நான் ஒருத்திக்குக் குடுத்தத —" அக்கா சட்டென்று நிறுத்தினாள். "மறந்து வச்சத" என்று திருத்திக்கொண்டாள்.

நான் சிரிக்கவில்லை. அவள் பென்சிலை உருட்டிக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு அந்தச் சீட்ட 'இப்போது'ன்னு வாசிச்சிருக்கலாம்டி. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஒரு நிமிஷம் தோணுச்சு. வாசிக்கல, உள்ளத உள்ளபடியேதான் வாசிச்சேன். அதுலருந்து அந்த 'பிறகு' என் வாயிலயே நிக்குது."

இந்தப் பத்தியின் ஓரத்தில் அக்கா எதுவும் எழுதவில்லை.

7

ஒன்பதாம் மாதச் சுற்று முடிந்து எல்லோரும் ஒப்படைத்த படிவங்களைப் பற்றிய கூட்டம். அன்று காலை அக்கா அலுவலகத்துக்கு எதிரே உள்ள கண்ணாடிக் கடைக்குப் போனாள். ஏன் என்று கேளுங்கள். இந்தச் சுற்றில் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர் வீட்டில் மறுபடியும் மறந்து வைத்துவிட்டாள். [துடைக்கத்தான் கழட்டுனேன்.] அவரும் 'பிறகு'.

கடைக்காரர் கையை விரித்தார். "படிக்கிற கண்ணாடி ஸ்டாக் இல்லம்மா, அடுத்த வாரம்தான். உங்க ஆபீஸ்ல எல்லாருக்குமே ஞாபக மறதியா? மூணு மாசத்துல ஐம்பத்தாறு கண்ணாடி போயிருக்கு. உங்க ஆளு ஒருத்தர் டஜன் கணக்குல கேக்குறாரு."

அக்கா திருதிருவென்று விழித்துக்கொண்டு படியேறினாள்.

கூட்டத்தில் சராசரி சார் முகம் சரியில்லை. எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். "சராசரியா பாத்தா, 'பிறகு' குழுவும் கிடுகிடுன்னு ஏறியிருக்கு. ஏன்னே புரியல. வித்தியாசம் சுருங்கிக்கிட்டே வருது. இப்படியே போனா, கண்ணாடியால பெருசாப் பிரயோஜனம் இல்லன்னுதான் நான் எழுதணும். மேல ஃபைல மூடிருவாங்க. கீழே பதினாலாவது வரியப் பாருங்க."

பொடி எழுத்து. பதினோரு பேரும் தாளைத் தூக்கினார்கள். நான்கு பேர் தாளைக் கிட்டே வைத்துப் படித்தார்கள். மற்ற ஏழு பேரின் கைகளும் ஒரே நேரத்தில், முழு நீளத்துக்கு, மேசைக்கு மேலே நீண்டன.

அக்காவின் கையும் அதில் ஒன்று. பக்கத்தில் நீண்ட கைகளை அவள் பார்த்தாள். அந்தக் கைகளுக்கு உரியவர்கள் அவளைப் பார்த்தார்கள். சராசரி சார் அத்தனை பேரையும் பார்த்தார்.

பிறகு அவர் தன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பதினாலாவது வரிய நெறையப் படிவத்துல காலியா விட்டிருக்கீங்க" என்றார். குரலில் கோபமா, வேறு எதுவுமா என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியவில்லை. "வெளிச்சம் பத்தலன்னு நெனைச்சுக்கறேன். இத ஒவ்வொருத்தரா வாங்கிப் போட்டுக்கிட்டு, நீங்களே நிரப்பிக் குடுங்க."

கண்ணாடி கைமாறிக் கைமாறி முதலில் அக்காவிடம்தான் வந்தது. அக்கா வாங்கிக்கொண்டாள். முன்னால் 217-இன் படிவம் இருந்தது.

8

இதற்குமேல் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்வதற்கு ஒரு பிரமாதமான வழியும் வைத்திருந்தேன். உங்கள் போன் எண் ஒற்றைப்படையில் முடிந்தால் முடிவு இப்போது, இரட்டைப்படையில் முடிந்தால் ஒன்றரை வருடம் கழித்து. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒத்தப்படை ஆளு இரட்டப்படை ஆளுக்குப் படிச்சுச் சொல்லிருவாங்கடி. மனுஷங்கள வச்சு எந்த வேலியும் நிக்காது." நிஜம்தான். நீங்களும் மறந்து வைத்துவிட்டுப் போகிற ரகமாகத்தான் இருப்பீர்கள்.

முடிவை எழுதியும் பார்த்தேன். 'ஆம்' என்று நிரப்பி அக்கா எழுந்து நின்றாள் என்று எழுதினால், சராசரி சார் ஏழு பேரையும் வேலையை விட்டு அனுப்பினாரா, அந்தக் கயிறு பொத்தான்காரம்மாவின் கழுத்தில் இருக்க விடப்பட்டதா என்று கேட்பீர்கள். 'இல்லை' என்று நிரப்பினாள் என்று எழுதினால், மூடப்பட்ட அந்த ஃபைலுக்குள் எத்தனை பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று நான் கேட்பேன்.

[ரெண்டையும் அடிச்சுரு. அவங்களயே எழுதச் சொல்லு. நாற்காலியில உக்காந்து பாத்தாத்தான் தெரியும்.]

அடித்துவிட்டேன். அக்கா எழுந்து உங்களுக்கு இடம் விடுகிறாள். ஒற்றை அறை வீட்டில் இந்த நேரம் ஒருவர் முப்பத்தோராவது சட்டைக்குத் தானே ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் அந்தக் கண்ணாடிக்காகக் காத்திருக்கிறார்கள். படிவம் இதோ:

14. கண்ணாடி அணிகிறாரா? ஆம் [ ] இல்லை [ ]
ஆம் எனில், எங்கிருந்து கிடைத்தது? ..............................

எழுத்து பொடியாகத்தான் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குத்தான் எப்போதோ விழுந்துவிட்டதே, 'இப்போது' என்ற சீட்டு.